பாவனையில்

என் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, கம்பிவலைதான்.
அதில் ஒரு சதுரம் வெட்டியிருக்கிறார்கள்,
ஒரு ஸ்பனர் போக, ஒரு கை வர.
காலை எட்டே முக்காலுக்கு அதன் வழியே
ஒருகொடவத்தை உள்ளே வரும்:
கொன்டெய்னர் லொறிகளின் பெருமூச்சு, ஈரத் தார், டீசல்.
பிறகு பிள்ளைகள்.
"ஸ்டோர் மிஸ், கேஜ் செட்."
கேஜ் செட் ஒன்று. பிள்ளைகள் இருபத்திரண்டு.
வக்கூம் பம்ப் போன வருஷமே நின்றுவிட்டது.
அதையும் கேட்பார்கள்,
பாடத்திட்டத்தில் இருக்கிறதே.

பாடம் சிங்களத்தில் நடக்கும்.
படிப்பிக்கிறவர் நல்ல மனிதர், வேகமான மனிதர்.
கடைசி வாங்கில் ஆறு பேர்,
மட்டக்குளிப் பொடியன்கள்,
ஹட்டனிலிருந்து வந்து போர்டிங்கில் நிற்கும் லோஜிதா.
அவர்களுக்கு இம்தாத்தான் வாய்.
மாளிகாவத்தைப் பிள்ளை, இரண்டு மொழியும்
ஒரே பொக்கெட்டில் சில்லறையாகக் கிடக்கும் அவனிடம்.
"கொம்ப்ரஸர் அமத்துது மச்சான்,
காஸ் சூடேறி ஓடுது,
பின்னுக்கு வந்து களைச்சு, வேர்த்து, தண்ணியாகுது.
அவ்வளவுதான்."
தேய்ந்த ட்ரில் பிட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கும்
முப்பத்தொன்பது வயதில் விளங்கியது
ஃபிரிட்ஜ் ஏன் குளிர்கிறதென்று.

உதவித்தொகை மூன்று மாதம் பிந்தியது.
லீசிங்காரர்கள் அவன் வாப்பாவின் த்ரீவீலைப்
பஞ்சிகாவத்தையில் மறித்துக் கொண்டுபோனார்கள்.
நாலாம் மாதத்து வியாழன் ஒன்றில்
மல்டிமீட்டர் இலக்கம் பதினான்கை எடுத்தான்,
கையொப்பம் வைத்தான்.
பின்னேரம் வரவில்லை. வெள்ளியும் இல்லை.
கடைசி வாங்கு அதற்குப் பிறகு
ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ.
லோஜிதா கரும்பலகை எழுத்தைப்
படம் பார்த்து வரைவதுபோல் வரைந்தாள்.

மார்ச்சில் கணக்காய்வு.
"மிஸ், பதினான்கு எங்கே?"
குறிப்பு நிரலில் என் கையாலேயே எழுதவைத்தார்கள்:
குறைவு.
சம்பளத்தில் மூன்று தவணை.

அந்த இலக்கங்கள் எல்லாம் என் நகப்பூச்சு.
அலுவலகப் பெயின்ட்டுக்கு ஏழு கையெழுத்து வேண்டும்.

போன சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் பாமசி.
இன்சுலின் ஃபிரிட்ஜ் விடியவே நின்றுவிட்டதாம்.
மீன்காரனிடம் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டிக்குள்
பேனாக்கள் கிடந்தன.
கடைக்காரர் ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை
மூடியைத் திறந்து பார்த்தார்,
திறந்தால் சூடேறும் என்று தெரிந்தும்.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு உள்ளங்கால்கள்.
ஒரு கை வெளியே நீண்டு தரையைத் தடவி
மஞ்சள் மீட்டரை இழுத்தது.
சிவப்பில் பதினான்கு.
நாலின் கால் கோணல்,
எழுதிய அன்று கரண்ட் போயிருந்தது.

"ரிலே மட்டுந்தான் போயிருக்கு.
கொம்ப்ரஸர் உசிரோட இருக்கு."
எழும்பினான். இமையெல்லாம் தூசி.
என்னைக் கண்டான்.
பெருவிரல் மெல்ல நகர்ந்து இலக்கத்தை மூடியது.
நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.
"எவ்வளவு நேரம் எடுக்கும்?"
"இருபது நிமிஷம், மிஸ்."
"பில் தருவியா தம்பி?" என்றார் கடைக்காரர்.
"கம்பனி இல்ல சேர். சேர்ட்டிபிக்கட்டும் இல்ல."
அவர் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தார்.
அது இரண்டு முறை இருமி, பிடித்துக்கொண்டது.
குளிரும்வரை நின்றேன்.
இரண்டு பேனா. எனக்குத்தான்.

திங்கள் காலை பதிவேட்டைத் திறந்தேன்.
திருப்பிய திகதி: எழுத ஒன்றுமில்லை.
'குறைவு' என்பதை அடிமட்டம் வைத்து வெட்டி,
விதிப்படி பக்கத்தில் சிறுகையொப்பமிட்டு,
மேலே எழுதினேன்:
பாவனையில்.

இரண்டாம் தவணை இருபத்தைந்தாம் திகதி கழியும்.
கழியட்டும்.
சதுரத்துக்குள் ஒரு கை நீண்டிருக்கிறது,
நகத்துக்குள் கிறீஸ்.
"மிஸ், கேஜ் செட்."
அதே ஒன்று. எடுத்துக் கொடுக்கிறேன்.